பின்பக்கத்தைக் காட்டுங்கள்

பழைய படம் ஒன்று என் மேஜைக்கு வந்தால் முதலில் அதைத் திருப்பித்தான் பார்ப்பேன். கொண்டுவந்தவர், “படம் இந்தப் பக்கம் சார்” என்று கையை நீட்டுவார். முகம் எங்கேயும் போய்விடாது, மெதுவாகப் பார்க்கலாம். ஸ்டூடியோ முத்திரை, மங்கிய பென்சிலில் ஒரு தேதி, தபாலில் அனுப்பிய படமென்றால் யாருக்கு என்ற விவரம், முன்பு சட்டம் போட்டவர் ஒட்டிய காகிதம் எல்லாம் பின்பக்கத்தில்தான் இருக்கும். பத்துப் படம் வந்தால் ஏழெட்டின் பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது. இந்தத் தொழிலில் எனக்குள்ள பெரிய வருத்தம் அதுதான்.

மைசூரில் அசோகா ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் எங்கள் கடை. அப்பா படங்களுக்குச் சட்டம் போட்டார். சாமி படம், கல்யாணப் படம், காலமானவர் படம் மூன்றும்தான் அந்தக் காலத்து வியாபாரம். சட்டம் மாற்ற வந்த படங்கள் பலவும் பூச்சி அரித்து, நீர் கோத்து வந்தன. அவற்றைப் பழுதுபார்க்கத் தொடங்கி, பிறகு நகலெடுக்கத் தொடங்கி, இப்போது வீட்டுப் பெட்டியைத் திறந்து உள்ளே இருப்பதையெல்லாம் வகைபிரித்துப் பத்திரப்படுத்திக் கொடுப்பதுவரை என் வேலை வளர்ந்திருக்கிறது. வீட்டில் தமிழ், கடையில் கன்னடம், பெட்டிக்குள் இரண்டும் கலந்து கிடக்கும். அரண்மனை உத்தியோகம், ரயில்வே வேலை, பள்ளிக்கூட வாத்தியார் வேலை என்று ஆளுக்கொரு காரணத்தால் இங்கே வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்களின் பெட்டிகள் அப்படித்தான் இருக்கின்றன.

படம் எப்போது எடுத்தது என்று கண்டுபிடிப்பதில் இந்த ஊர் நிறைய உதவி செய்யும். மரத்தால் கட்டிய பழைய அரண்மனை 1897இல் ராஜகுமாரியின் கல்யாண சமயத்தில் தீப்பிடித்து எரிந்தது. ஹென்றி இர்வின் திட்டமிட்ட இப்போதைய அரண்மனை 1912இல் கட்டி முடிந்தது. தெருக் காட்சியில் மின்கம்பம் இருந்தால் 1908க்குப் பிந்தியது, ஏனென்றால் நகரத்துக்கு மின்விளக்கு வந்தது அந்த ஆண்டில்தான். பெரிய மணிக்கூண்டு நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் வெள்ளிவிழாவுக்காக 1927இல் எழும்பியது. அது நிற்க வேண்டிய இடத்தில் வெறும் வானம் தெரிந்தால் படம் அதற்கு முந்தியது.

தசராப் படங்களுக்கு யானையே சாட்சி. தங்க அம்பாரியில் மகாராஜா உட்கார்ந்திருந்தால் ஒரு காலம், சாமுண்டீஸ்வரி எழுந்தருளியிருந்தால் மறு காலம். 1971இல் மன்னர் மானியம் ஒழிந்ததை ஒட்டித்தான் இந்த மாற்றம் நடந்தது. அதற்குப் பிறகு வந்த படங்களில் சுமந்த யானையைப் பார்ப்பேன். பதினெட்டு முறை அம்பாரி சுமந்த துரோணா 1998இல் மின்கம்பி பட்டு இறந்தது. பிறகு பல ஆண்டுகள் பலராமா, 2012 முதல் 2019 வரை அர்ஜுனா, 2020இலிருந்து அபிமன்யு. தந்தத்தின் வளைவையும் நெற்றியின் மேட்டையும் பார்த்து, “இது துரோணா, அந்தக் காலத்துப் படம்” என்று சொல்லிவிடுகிற பெரியவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் அவர்களிடம்தான் போவேன்.

காகிதமும் காலத்தைச் சொல்லும். மெல்லிய தாள், தடித்த அட்டையில் ஒட்டியது, தேநீர் நிறத்துக்கு மாறியது என்றால் முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளில் அச்சிட்ட படமாக இருக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரும்பாலும் அந்தத் தாள்தான் புழங்கியது. அந்த அட்டைகளில் இரண்டரைக்கு நான்கு அங்குலம் சிறிய அளவு. நாலேகாலுக்கு ஆறரை அங்குலம் பெரிய அளவு. அதற்குப் பிந்திய கறுப்பு வெள்ளைப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் கறுத்த ஓரங்களில் நீலமும் வெள்ளியுமாக ஒரு மினுமினுப்பு ஓடும். தாளில் இருக்கும் வெள்ளி மேலே வந்து படிந்ததால் வருவது அது. பலர் அதை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடுகிறார்கள். துடைக்கவே கூடாது.

கட்டிடமும் காகிதமும் ஆண்டைத்தான் சொல்லும், ஆளைச் சொல்லாது. ஆளைச் சொல்ல வீட்டுப் பெரியவர் வேண்டும். அவரிடம் கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது.

ஒருமுறை கல்யாணக் குரூப் படம் ஒன்று வந்தது. ஃபுல் பிளேட் அளவு, 1940களில் எடுத்தது. கொண்டுவந்த பேரனுக்கு அதைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்ட வேண்டும். வலது ஓரத்தில் தூணுக்குப் பின்னால் ஒரு பெண் பாதி மறைந்து நிற்கிறார். முக்காடு போட்ட தலை, ஒரு தோள், ஒரு கை மட்டும் தெரிகிறது. “அந்த ஓரத்தை வெட்டிட்டா சுத்தமா இருக்கும்” என்றார் பேரன். யார் என்று அவருக்குத் தெரியவில்லை. வீட்டில் பாட்டி இருக்கிறார், அவரால் வெளியே வர முடியாது என்றதும் படத்தை எடுத்துக்கொண்டு நானே போனேன்.

பிளேக் 1898இல் மைசூரைத் தாக்கிய பிறகு 1903இல் நகர அபிவிருத்தி வாரியம் அமைத்து, அகலமான தெருவும் காற்றோட்டமான மனையுமாகப் புதுப் பகுதிகள் போட்டார்கள். அப்படிப்பட்ட பகுதி ஒன்றில்தான் அந்த வீடு. பாட்டியிடம் “இது யார், அது யார்” என்று வரிசையாகக் கேட்டிருந்தால், “நினைவில்லையேப்பா” என்று கண்ணாடியைக் கழற்றி வைத்திருப்பார். அப்படிக் கேட்டால் வயதானவர்களுக்குப் பரீட்சை எழுதுகிற பயம் வந்துவிடும். நான் மணப்பெண்ணின் இடுப்பைக் காட்டி, “பாட்டி, இந்த ஒட்டியாணம் யாருடையது?” என்றேன்.

“அது எங்க அத்தையோடது. முகூர்த்தத்துக்கு மட்டும் வாங்கிப் போட்டா. சாயங்காலமே திருப்பிக் குடுத்துட்டா” என்றார். அத்தை எங்கே நிற்கிறார்? காட்டினார். அத்தை பக்கத்தில்? காட்டினார். புடவை என்ன நிறம்? அரக்கு, பச்சைக் கரை. கொஞ்ச நேரத்தில் பதினைந்து பெயருக்கு மேல் வந்துவிட்டது, யார் யாருக்கு என்ன உறவு என்பது உட்பட. கடைசியில் தூணோரம் விரல் வைத்தேன். பாட்டி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு பெயரைச் சொன்னார்.

பிளேக்கில் புருஷனைப் பறிகொடுத்துப் பிறந்த வீட்டுக்குத் திரும்பிய தூரத்து உறவு. அந்த வீட்டின் சமையல், பிரசவம், பிள்ளை வளர்ப்பு எல்லாம் அவர் கையில். மணப்பெண்ணை வளர்த்ததே அவர்தான். கைம்பெண் என்பதால் கல்யாணப் படத்தில் நிற்க விடவில்லை. படம் எடுக்கிற நேரத்தில் அவரே வந்து தூணுக்குப் பின்னால் நின்றிருக்கிறார். “அதை வெட்டாதே. அவளோட படம்னு உலகத்துல வேற ஒண்ணும் கிடையாது” என்றார் பாட்டி.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. படத்தை வைத்த உறையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு பெண்ணை வீடு எப்படி நடத்தியது, அவர் எப்படித் தன் இடத்தை எடுத்துக்கொண்டார் என்பதற்கு அந்தப் பாதித் தோளைவிட நல்ல ஆவணத்தை நான் பார்த்ததில்லை. அது பாட்டி இருந்ததால் ஆவணமாயிற்று. அவர் இல்லாவிட்டால் கத்தரியில் போயிருக்கும்.

பெரியவர்களிடம் கேட்கும்போது நகை, புடவை, வாகனம், நாய், திண்ணை என்று பொருளிலிருந்து தொடங்குங்கள். அங்கிருந்து அவர்களே ஆளுக்கு வந்துவிடுவார்கள். அவர்கள் பேசும்போது திருத்த வேண்டாம். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதி, சொன்னவர் பெயரையும் எழுதி வையுங்கள்.

மைசூரின் பெயர் உலக அளவில் போனதற்கு ஒரு காரணமான சுவடியின் கதையிலும் பெயர் எழுதாமல் விட்ட குறை இருக்கிறது. இங்கே கீழ்த்திசை நூலகம் 1891இல் தொடங்கியது. 1905இல் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் கிரந்த எழுத்தில் இருந்த ஓலைச்சுவடி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். நூலகத்தில் இருந்த ஆர். சாமசாஸ்திரி அதைப் படித்து, கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் என்று அடையாளம் கண்டு, 1909இல் அச்சிட்டார். நூற்றாண்டுகளாகத் தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட நூல் அது. சாமசாஸ்திரியின் பெயர் பாடப்புத்தகம்வரை போயிற்று, போக வேண்டியதுதான். சுவடியைப் பரம்பரையாகக் காத்து, மைசூர்வரை தூக்கிவந்து கொடுத்தவரை “தஞ்சாவூர்ப் பண்டிதர்” என்றுமட்டும் சொல்கிறோம். இதை நினைக்கும்போதெல்லாம் மனது பொறுப்பதில்லை. அதனால் என்னிடம் வரும் ஒவ்வொரு பொருளுக்கும் கொடுத்தவர் யார், அவருக்கு யார் கொடுத்தது என்று இரண்டு வரியாவது எழுதாமல் விடமாட்டேன்.

இதை ஒழுங்காகச் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கும் மைசூரிலேயே சான்று உண்டு. தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966இல் ஊட்டியிலிருந்து இங்கே வந்தது. தமிழகக் கோயில்களில் எடுத்த ஆயிரக்கணக்கான மசிப்படிகள் அதோடு வந்தன. அவற்றைச் சென்னைக்கு மாற்ற வேண்டும் என்று 2021இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது தமிழ்நாடே அதைப் பேசியது. மசிப்படி என்பது நனைத்த தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷால் தட்டி, எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மையை ஒற்றி எடுக்கும் பிரதி. எந்த ஊர், எந்தக் கோயில், எந்தச் சுவர், எந்த ஆண்டில் எடுத்தது என்ற குறிப்பு ஒவ்வொன்றுக்கும் இருக்கிறது. திருப்பணி என்ற பெயரில் கல்லையே மாற்றிவிட்ட இடங்களில் படி மட்டும் சாட்சியாக நிற்கிறது. ஊர்ப்பெயர் இல்லாத படியை வைத்து யாரும் ஒன்றும் செய்ய முடியாது. வீட்டுப் படத்துக்கும் சட்டம் அதுதான்.

கெட்டுப்போகிற விதங்களைப் பற்றி நாள் முழுக்கப் பேசலாம். அடிக்கடி வருவது கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படம். சட்டத்துக்குள் படமும் கண்ணாடியும் இடைவெளி இல்லாமல் இருந்தால், மழைக்கால ஈரத்தில் தாளின் ஜெலட்டின் பூச்சு இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். பிய்த்தால் முகம் கண்ணாடியில் இருக்கும், தாள் கையில் இருக்கும். நான் பிரிப்பதில்லை. இருபக்கமும் சாய்வாக விளக்கு வைத்து, கேமராவை நேர் மேலே நிறுத்தி, கண்ணாடி வழியாகவே நகல் எடுத்துவிடுவேன். மூலம் அப்படியே இருக்கட்டும். புதிதாகச் சட்டம் போடுகிறவர்கள் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள். அதிகச் செலவு ஆகாது.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் எல்லா வீட்டிலும் வாங்கிய பசைப் பக்க ஆல்பம் இன்னொரு எமன். பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். படத்தைக் கையால் நெம்பாமல், பல்லிடுக்கைச் சுத்தம் செய்கிற மெழுகில்லாத நூலைப் பின்னால் கொடுத்து, இழைத்து இழைத்துத்தான் எடுக்க வேண்டும். அந்தக் காலத்துக் கலர்ப் படங்கள் சிவந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். நீலச் சாயம் முதலில் வெளுத்துவிடுவதால் அப்படி ஆகிறது. தாத்தாவின் 1930ஆம் வருடத்துக் கறுப்பு வெள்ளைப் படம் கல்லுப்போல இருக்க, அப்பாவின் 1985 கல்யாண ஆல்பம் கண் முன்னே கரைந்துகொண்டிருக்கிறது. முதலில் நகலெடுக்க வேண்டியது கலர் ஆல்பத்தைத்தான்.

செலோடேப், லாமினேஷன் இரண்டையும் நான் திட்டாத நாள் இல்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று நல்ல மனதோடுதான் மக்கள் செய்கிறார்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை எடுக்க வழியே கிடையாது. நிலப்பத்திரத்தை, தாத்தாவின் மெட்ரிக்குலேஷன் சான்றிதழை லாமினேட் செய்துகொண்டு வந்து “சரிபண்ணிக் குடுங்க” என்று கேட்டால் கையை விரிக்க வேண்டியிருக்கிறது.

இந்த ஊர்ப் பெட்டிகளில் சில சமயம் கறுப்பாக, விசிறிபோல மடித்த ஒரு பொருள் கிடைக்கும். கடதம். துணியில் புளியங்கொட்டைப் பசையும் கரியும் பூசிக் காயவைத்து, அதன்மேல் மாக்கல் குச்சியால் வெள்ளையாக எழுதிய கணக்கு ஏடு. பார்க்கத் தூசி படிந்த துணிபோல இருப்பதால், சுத்தம் செய்கிறேன் என்று ஈரத்துணியால் ஓர் இழுப்பு இழுத்தால் நூற்றைம்பது வருஷத்துக் கணக்கு அந்தத் துணியோடு போய்விடும். கறுப்பு மடிப்பு எதைக் கண்டாலும் தண்ணீரை எட்ட வைத்துவிட்டு, தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

கண்ணாடி நெகட்டிவ் கதை இதைவிடக் கொடுமை. ஸ்டூடியோக்கள் மூடியபோது பிளேட்டுகளைக் கொதிநீரில் போட்டுச் சுரண்டி, சுத்தமான கண்ணாடியாகச் சட்டக்காரர்களுக்கு விற்றார்கள். எங்கள் தொழிலுக்கே அப்படி வந்திருக்கிறது. இன்று சில வீடுகளில் சாமி படத்துக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி ஒரு காலத்தில் யாரோ ஒருவருடைய முகமாக இருந்திருக்கும். மிஞ்சியவற்றைத் தேடித் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு நகலெடுத்திருக்கிறார்கள். கர்நாடகத்திலும் ஊர் ஊராக அந்த வேலை நடக்க வேண்டும். உங்கள் வீட்டில் பிளேட் இருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். தனித்தனிக் காகித உறையில் போட்டுச் செங்குத்தாக நிறுத்துங்கள்.

இப்போது எல்லோரும் போனில் படத்தைப் போட்டு வண்ணம் ஏற்றி, முகத்தை மெருகேற்றிக் கொண்டுவருகிறார்கள். அதை அச்சிட்டுச் சட்டம் போட்டுக் கொடுக்கிறேன், ஆனால் மூலத்தைத் தூக்கிப் போட விடமாட்டேன். அந்த மெருகு அம்மைத் தழும்பை அழிக்கிறது, மூக்குத்தியை இடம் மாற்றுகிறது, அரக்குப் புடவையை நீலமாக்குகிறது. பழைய ஸ்டூடியோக்காரர்களும் நெகட்டிவ்மேல் பென்சில் தீட்டினார்கள், கையால் வண்ணம் பூசினார்கள். ஆனால் புடவை என்ன நிறம் என்று வீட்டாரைக் கேட்டுப் பூசினார்கள். கேட்காமல் பூசுகிற வண்ணத்தைச் சுவரில் மாட்டலாம், சாட்சியாக வைக்க முடியாது.

கல்லூரிக் குரூப் படம் வந்தால் எல்லோரும் ராதாகிருஷ்ணனைத் தேடுகிறார்கள். 1918 முதல் 1921 வரை அவர் இங்கே தத்துவப் பேராசிரியர், அதனால் ஆசை நியாயம்தான். ஆனால் பிரபலமானவரை ஊர் பார்த்துக்கொள்ளும். கடைசி வரிசையில் மைசூர்ப் பேட்டா சரிந்து நிற்கும் மாணவனை அவன் வீட்டைத் தவிர யார் பார்த்துக்கொள்வார்கள்? எங்கள் ஊர்க்காரரான டி.எஸ். சத்யன் (1923–2009) பெரிய பத்திரிகைகளுக்குப் படம் எடுத்து, பத்மஸ்ரீ வாங்கியவர். அவருடைய கேமரா ஆயுள் முழுக்கச் சாதாரண மனிதர்களைத்தான் தேடியது. கோட்டையூர் ரோஜா முத்தையா கல்யாணப் பத்திரிகையையும் நாடக நோட்டீசையும் புத்தகத்துக்குச் சமமாகச் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்த பிறகு, 1994இல் அதுவே சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. ரேஷன் கார்டு, வாடகை ரசீது, பள்ளிக்கூட முன்னேற்ற அறிக்கை, பேறுகால மருந்துச்சீட்டு, சாண்டல் சோப்பு அட்டைப்பெட்டியில் கிடக்கும் தசராப் பொருட்காட்சி டிக்கெட் எதையும் குப்பை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

வீடு இடிக்கும்போதுதான் அதிகம் போகிறது. அண்ணன் தம்பி பாகம் பிரித்து, மனை கைமாறி, மேல்பரண் காலி செய்கிற அந்த ஒரு வாரம். பாத்திரத்துக்கு எடைபோட ஆள் வரும், காகிதத்துக்கும் வரும். யாதவகிரியில் ஆர்.கே. நாராயண் வீட்டையே இடிக்கத் தொடங்கிய பிறகுதான் 2011இல் ஊர் விழித்துத் தடுத்தது. 2016இல் அது நினைவகமாயிற்று. பெயர் தெரியாதவர் வீட்டுக்கு அப்படி யாரும் வரமாட்டார்கள். லான்ஸ்டவுன் கட்டிடத்தின் ஒரு பகுதி 2012இல் இடிந்து நாலு உயிர் போயிற்று. அங்கே இருந்த பழைய புத்தகக் கடைகளில் எத்தனையோ வீட்டு ஆல்பங்களைப் பார்த்திருக்கிறேன். இப்போது அந்த வழியும் அடைபட்டுவிட்டது.

நகலெடுப்பது பற்றிப் பலரும் கேட்கிறார்கள். 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள், வெறுமையாக இருந்தாலும் பின்பக்கத்தையும் சேர்த்து. சுருக்காத டிஃப் கோப்பாக ஒன்று வைத்துக்கொண்டு, அனுப்புவதற்குத் தனியாக ஜேபெக் எடுங்கள். மூன்று பிரதி இருக்கட்டும், அதில் ஒன்று வேற்றூரில் இருக்கும் தம்பி வீட்டிலோ மகள் வீட்டிலோ இருக்கட்டும். யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்தபோது, வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகள் அந்த இரவோடு முடிந்துபோயின. மூலப் படங்களை அந்துருண்டையோடு வைக்காதீர்கள். பரணிலோ சமையலறைச் சுவரை ஒட்டியோ வேண்டாம். உள்ளறை அலமாரியின் நடுத்தட்டு போதும்.

இத்தனையும் பிறகு செய்யலாம். ஸ்கேனர் அடுத்த வருடமும் கிடைக்கும், பாட்டி கிடைக்கமாட்டார். இந்த ஞாயிற்றுக்கிழமை ஆல்பத்தை எடுத்துக்கொண்டு வீட்டில் மூத்தவர் பக்கத்தில் உட்காருங்கள். 2பி பென்சில் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பால்பாயிண்ட் வேண்டாம், அதன் தடம் முன்பக்கம் தெரியும். படத்தின் பின்னால் ஓரமாக, அழுத்தாமல், இடமிருந்து வலமாக நிற்பவர்களின் பெயர், உறவு, ஊர், ஆண்டு, சொன்னவர் யார் என்று எழுதுங்கள். வழவழப்பான கலர்ப் படத்தில் பென்சில் பிடிக்காது, அதற்கு உறையில் எழுதுங்கள். தெரியாத இடத்தில் ஊகித்து எழுதாமல் கேள்விக்குறி போட்டுவிடுங்கள். அடுத்து வருகிறவர் நிரப்பிக்கொள்ளட்டும்.